கொதித்த காரும் கதவிடுக்கில் வந்த வாளியும்

கொதிக்கும் துருத் தண்ணீருக்கென்று ஒரு மணம் உண்டு. பழைய ஆணிகளைச் சட்டியில் போட்டு அவித்தால் எப்படி மணக்குமோ அப்படி. மாத்தளை என்றால் எல்லாருக்கும் மிளகும் ஏலமும் மணக்கும், எனக்கு இதுதான் மணக்கும். எண்பதுகளின் கடைசியில், எட்டு வயதில், அப்பாவின் காரில் உட்கார்ந்து நான் சுவாசித்தது அதைத்தான்.

அப்பா "ஹயர்", அதாவது வாடகைக் கார், ஓடித்தான் எங்களுக்குச் சோறு போட்டார். கார் மாமியாரைவிட மூத்தது என்று அம்மா கேலி செய்வார். அந்த வருடம் அதற்கு ஒரு விசித்திர நோய் கண்டது. மாலையில் ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி வைத்தால் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் குறைந்திருக்கும். அடியில் அப்பா விரித்துவைத்த செய்தித்தாளிலோ ஒரு பொட்டு ஈரம் இருக்காது. "ஏதோ ஒன்னு வந்து குடிச்சிட்டுப் போகுதுங்க" என்று அம்மா பானெட்டின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அப்பா ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்த்தார், பம்புக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தார், மூடியின் வாஷரை மாற்றினார். எங்கும் ஒழுக்கு இல்லை.

கடைசியில் ஒரு காலை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். சூடே ஏறாத தண்ணீரில் கஞ்சி கொதிப்பதுபோல் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. பின்னால் புகைக்குழாய் வெள்ளையாய்க் கக்கியது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. "ஹெட் கேஸ்கட் போயிருச்சு. உள்ளுக்குள்ளயே குடிக்குது" என்றார் அப்பா. குடிக்கிறது என்ற மட்டில் அம்மாதான் ஜெயித்தார். இஞ்சின் தலைக்கு அடியில் வைக்கும் அந்தத் தகடு கொழும்பிலிருந்து வரவேண்டும், கொழும்புக்கோ ஒழுங்காகப் பஸ் ஓடாத காலம். ஆகவே கேன்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கார் ஓடியது. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியை யாரும் தொடக்கூடாது. முந்தைய வருடம் பக்கத்து வீட்டு சுனில் அண்ணன் அவசரப்பட்டுத் திருகி, ஆவி அடித்து, வலது புறங்கை மணிக்கட்டு வரை வெந்து வெளுத்துப்போயிருந்தது.

சுனில் அண்ணன் சோமா நேந்தாவின் ஒரே மகன். நேந்தா என்றால் சிங்களத்தில் அத்தை. எங்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுவார். சிங்கள இளைஞர்கள் கிளர்ச்சி செய்ய, ராணுவம் வேட்டையாட, வீடு வீடாக அவர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை. சுனில் அண்ணனையும் ஒருநாள் காணவில்லை. சாலை ஓரங்களில் ஆளோடு டயர் எரிந்த கறுப்பு வட்டங்கள் கிடக்கும். அவற்றைத் தாண்டும்போதெல்லாம் அப்பா "மேல பாரு, கொக்கு போகுது" என்பார். நான் பார்ப்பேன். ஒருதடவைகூடக் கொக்கு இருந்ததில்லை.

கலேவெல பக்கத்து ராணுவ முகாம் ஒன்றில் மகன் இருக்கிறானா என்று கேட்டுவர நேந்தா அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா என்னையும் ஏற்றினார். "புள்ளய எதுக்குங்க?" என்று அம்மா அழுதார். "சின்னப் புள்ள இருந்தா செக் பண்றவங்க கொஞ்சம் மரியாதையா விடுவாங்க" என்றார் அப்பா.

அலுவிகாரை தாண்டியதுமே சூட்டு முள் ஏறத் தொடங்கியது. இஞ்சின் சூட்டை இழுக்க அப்பா ஹீட்டரைப் போட, அந்த உச்சி வெயிலில் எங்கள் கால்கள் வெந்தன. சாலையில் ஒரு நாய்கூட இல்லை. கேன்களும் காலியான பின் ஓர் ஏற்றத்தில் கார் ஆவி கக்கி நின்றது. முன்பெல்லாம் கார் கொதித்தால் ஊரே குடத்தோடும் யோசனையோடும் ஓடிவரும். அன்று எல்லாக் கதவும் அடைத்திருந்தது. உள்ளே யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

நேந்தா சாலைக்குக் கீழே இருந்த ஓட்டு வீட்டின் முன் நின்று தண்ணீர் கேட்டார். நெடுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு வாளியும் அதைப் பிடித்த கையும் வெளியே வந்தன, கை வாளியை வைத்தது, கதவு மூடியது. முகமும் இல்லை, பேச்சும் இல்லை. வாளியைப் பார்த்தபடி நேந்தா அசையாமல் நின்றார். பாதி வழி இறங்கிப்போயிருந்த அப்பா அதை எடுத்துவந்தார்.

முகாம் வாசலில் நேந்தா மாரில் அடித்துக்கொண்டு மகனைக் கேட்டார். அப்படி ஒருவன் இல்லை என்றார்கள். திரும்பும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்தது. நாங்கள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது.

அந்த வீட்டை நெருங்கும்போது முள் மறுபடி உச்சிக்குப் போயிருந்தது. அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"நிப்பாட்ட வேணாம், அண்ணே" என்றார் நேந்தா.

"இஞ்சின் செத்துரும் அக்கா."

"சாகட்டும்."

அந்த ஓட்டு வீட்டுப் பக்கம் அவர் தலையைத் திருப்பவே இல்லை. என் கையைப் பிடித்திருந்த அவர் நகங்கள் சதைக்குள் இறங்கின. ஒரு துளி ஆவி கண்டாலே நிறுத்துகிற அப்பா, மறுபேச்சில்லாமல் ஓட்டினார். இஞ்சின் உள்ளே சம்மட்டி அடிப்பதுபோல் தட்டியது. அலுவிகாரை வருமுன் இறுகி நின்றது. ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. ஒருவன் புகையையும் என்னையும் பார்த்தான். போய்விட்டார்கள்.

எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார் என்று நேந்தாமீது எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் பெரியவளான பிறகுதான் அப்பா சொன்னார்: "வாளியப் புடிச்ச கைய நானும் பாத்தேன்மா. வெந்து வெளுத்த தோலு. பின்னால ஜீப்பு. எப்பிடி நிப்பாட்டுறது?" காரில் அவரும் நேந்தாவும் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

அதன்பின் நேந்தா வாரந்தோறும் பஸ்ஸேறி அதே முகாம் வாசலுக்குப் போய், மகனைக் கொடு என்று அழுதுவிட்டு வந்தார். தேடுவதைத் தாய் நிறுத்தினால் மகன் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும் என்று எண்ணிவிடுவார்களே. வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, சோறாக்கிச் சாப்பிடுவார்.

காரை அப்பா இரும்பு விலைக்குக் கொடுத்தார். இன்று சாலை அகலமாகிவிட்டது, அந்த ஓட்டு வீடு இல்லை, முகாம் இருந்த இடத்தில் தென்னை நிற்கிறது, அப்பாவும் நேந்தாவும் இல்லை. சுனில் அண்ணன் திரும்பி வரவே இல்லை. அந்த வீட்டிலிருந்தும் அவரை எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். நேந்தா அதே நாளில், அதே பஸ்ஸில், அதே அழுகையோடு வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தார். எந்த வாரத்திலிருந்து அந்த அழுகை நிஜமானது என்பது, ஒரு சுவருக்கு இப்பால் இருந்த எங்களுக்குத் தெரியவே இல்லை.