மேஸ்திரிக்கு ஒரு நல்ல வார்த்தை

தையற்காரம்மா யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. சமையலறைக் கூரையை மாற்ற மேஸ்திரியைப் பிடிக்கும் முன், அவர் கடைசியாக வேலை பார்த்த வீட்டுக்கே போய் விசாரித்தாள். அந்த வீட்டுக்காரி கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி, "தங்கமான மனுஷன்க்கா, கண்ண மூடிட்டு வேலையக் குடுங்க" என்றாள். உள்ளே வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

மேஸ்திரி முன்பணம் வாங்கிக் கூரையைப் பிரித்ததோடு சரி, ஆளையே காணோம். தார்ப்பாய்க்குக் கீழே சமையல் நடந்தது. மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவரே போன் செய்தார்.

"நாளைக்கு ரெண்டு பேரு விசாரிக்க வருவாங்கம்மா. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. அந்த முன்பணம் வந்தாத்தான் உங்க கூரைக்குச் சிமெண்ட்."

"அப்போ என் பணம்?"

"நீங்க விசாரிச்சீங்களே, அந்தக்கா வீட்டுக் குளியலறைய அதுலதானே முடிச்சேன்!"

"நீயெல்லாம் உருப்படுவியா?" என்று போனை வைத்தாள்.

மறுநாள் வந்தது ஒரு இளம் தம்பதி. மனைவி நிறைமாதக்காரி. "வேலை எப்படிக்கா? உள்ள வந்து பாக்கலாமா?"

பின்னால் தார்ப்பாய் படபடத்தது. தையற்காரம்மா கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு அலங்கோலமா கிடக்கு கண்ணு. ஆனா தங்கமான மனுஷன்."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"சொல்லிட்டேன். சிமெண்ட் எப்ப வரும்?"