மொட்டை மாடியில் ஒரு பவளப்பாறை

மாடிப் போர்ஷனை மாணவிகளுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. கொள்கையை வகுத்தவன் நான் என்பதால் அது நீடிக்கவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கடல் உயிரியல் முதுகலை படிக்கும் மூன்று பெண்கள் வீடு கேட்டு வந்தபோது என் மனைவி அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

ஒருத்திக்கு உவரி, ஒருத்திக்கு அம்பை என்கிற அம்பாசமுத்திரம், மூன்றாமவளுக்கு வள்ளியூர். மூவருக்கும் நல்ல பெயர்கள் உண்டு. என் மனைவி ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். நானும் இங்கே அவளையே பின்பற்றுகிறேன்.

நான் அரசாங்கத்தின் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் தாமிரபரணிப் பாசன வயல்களுக்குப் போய்ப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்துவது என் பிழைப்பு. வயலில் ஒரு சிறு சதுரத்தை அளந்து, அதிலுள்ள நெல்லை மட்டும் அறுத்து எடைபோட்டு, வட்டாரத்தின் விளைச்சலைக் கணிக்க வேண்டும். சதுரம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை அதிகாரியும் முடிவு செய்யக் கூடாது, வயல்காரரும் முடிவு செய்யக் கூடாது. அச்சடித்த எண் அட்டவணை ஒன்று அதை முடிவு செய்யும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. "சார், அந்த மூலையில வெள்ளாமை சரியில்ல, இங்கன அறுங்க, கண்ணுக்கு நல்லாருக்கும்" என்று வயல்காரர்கள் அழைப்பார்கள். பயிர்க் காப்பீடு வந்த பிறகு அதே ஆட்கள் வயலிலேயே மோசமான மூலைக்கு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். மனித குலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வரப்புகளில் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு சித்திரை மாதம் இந்த மூன்று பெண்களும் பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டியிருந்தது. கடலுக்கடியில் பவளப்பாறை மீது அதை வைத்து, நூல்கள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே இருப்பது உயிருள்ள பவளமா, வெளுத்த பவளமா, செத்த பாறையா, வெறும் மணலா என்று எழுத வேண்டுமாம். பாறையில் உயிர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அதிலிருந்து கணக்கிடுவார்கள். சட்டத்தை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"நாம பாத்து வைக்கக் கூடாது மாமா. ரேண்டம் நம்பர் எடுத்துத்தான் வைக்கணும்" என்றாள் அம்பை.

வேலையை விட்ட பிறகு எனக்கு அவ்வளவு இனிமையான செய்தி வந்ததில்லை.

தண்ணீருக்குள் நேரம் குறைவு என்பதால் கரையிலேயே கையும் கண்ணும் பழகியிருக்க வேண்டும் என்று அவர்களுடைய பேராசிரியை சொல்லியிருந்தார். பழகுவதற்குப் பாறை வேண்டுமே. மாடியில் அப்போது என் பழைய வேட்டிகளை விரித்து என் மனைவி வத்தல் போட்டிருந்தாள். கரண்டியால் ஊற்றிய கூழ் வத்தல் தட்டுத் தட்டாக, அச்சில் பிழிந்தது சுருள் சுருளாக, ஓரத்தில் சீனியவரைக்காய், அதாவது கொத்தவரங்காய், வத்தல் குச்சி குச்சியாக. பார்த்ததும் உவரிப் பெண் கைதட்டினாள். "ஏட்டி, தட்டுப் பவளம், மூளைப் பவளம், கிளைப் பவளம், எல்லாம் இருக்கு!"

அன்றிலிருந்து மூவரும் நீர்மூழ்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேட்டியைச் சுற்றித் தவழ்ந்தார்கள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கும் பதவியும் காக்கை விரட்டும் கூடுதல் பொறுப்பும் எனக்குக் கிடைத்தன. எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"என்ன வே, உம்ம மாடில பிள்ளைய மூஞ்சில கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் தவழுதாவ?"

"கடல்ல முங்கப் பழகுதாவ, அண்ணாச்சி."

"தண்ணி எங்க வே?"

"அது தூத்துக்குடில இருக்கு."

மனைவிக்குத் தன் வத்தல் கல்விக்குப் பயன்படுவதில் பெருமைதான். ஆனால் கூழ் வத்தலை மூவரும் 'வெளுத்தது' என்று எழுதுவதைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டாள்.

"பவளம் கல்லு இல்ல அத்த. சின்னச் சின்ன உசுரு சேந்து கட்டுன வீடு" என்றாள் உவரி. "அந்த உசுருக்குள்ள பாசி குடியிருக்கும். அதுதான் சாப்பாடு போடுது, நிறமும் அதுலதான் வருது. தண்ணி ரொம்பச் சூடாச்சுன்னா பாசி வெளிய போயிரும். பவளம் வெள்ளையாயிரும்."

"செத்துருமா?"

"ஒடனே சாகாது. சூடு தணிஞ்சா பாசி திரும்பி வரலாம். ரொம்ப நாள் அப்படியே கெடந்தாத்தான் போயிரும்."

"அப்போ நான் போட்ட வத்தல் சீக்குக்காரிங்கியா?"

"ஆமா அத்த. நல்லாப் பொரிச்சுக் குடுத்தா வைத்தியம் பாத்துருவோம்."

சிரிப்புக்கு நடுவே ஒரு சிக்கல் இருந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போகும் படகில், நீரில் இறங்கி எண்ண இரண்டு மாணவிகளுக்குத்தான் இடம். வனத்துறை அனுமதியும் அவ்வளவுதான். பேராசிரியை வந்து தேர்வு வைப்பார், தேறாதவள் கரையில் இருந்துகொண்டு சிப்பிகளை ஆராய வேண்டும். உவரிப் பெண் மீனைவிட நன்றாக நீந்துவாள். அம்பைக்குக் கணக்கு மின்னல். வள்ளியூர்ப் பெண்தான் திண்டாடினாள். மற்றவர்கள் சட்டத்தை முடித்து எழுந்துபோன பிறகும் அவள் குனிந்தே கிடப்பாள். எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எண்ணுவாள்.

"இவ எண்ணி முடிக்கதுக்குள்ள பவளம் தானா செத்துரும்" என்றாள் அம்பை.

"ஒனக்கு எண்ணத் தெரியும், பாக்கத் தெரியாது. போ, ஏட்டி" என்று தலைநிமிராமலே பதில் வந்தது.

சிப்பியும் நல்ல உயிர்தானே என்று ஒருநாள் அவளுக்கு ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். ஆறுதல் சொல்வதில் எனக்குப் பயிற்சி போதாது.

"செத்த பவளத்த மட்டும்தான் மாமா நான் பாத்திருக்கேன். லேப்ல, கண்ணாடி அலமாரில. உசுரோட ஒரு தடவ பாத்துரணும்" என்றாள். ஊரில் வீட்டாரிடம் போராடி எடுத்த படிப்பு என்பது எனக்குத் தெரியும். இந்தப் படகை விட்டால் அடுத்த பருவத்துக்குள் படிப்பே முடிந்துவிடும்.

தேர்வின் விதிமுறை எனக்குப் பிடித்திருந்தது. எண் எடுத்து, சட்டம் வைக்கும் இடங்களை வேட்டியில் கரியால் குறித்துவிட வேண்டும். முந்தின நாள் மாலை ஒவ்வொருத்தியும் தனித்தனியாக எண்ணிப் பேராசிரியைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலை அவர் முன்னால் அதே இடங்களில் மறுபடி எண்ண வேண்டும். ஒரே பாறையை ஒரே ஆள் இரண்டு தடவை எண்ணினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கடலில் அவள் கணக்கை எப்படி நம்புவது?

மாலைக் கணக்கு ஒழுங்காக முடிந்தது. அன்று பகலில் நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் காக்கைகள் வந்துபோயிருந்தன. வேட்டியில் அங்கங்கே வழுக்கை விழுந்திருந்தது. பெண்கள் அதை 'மணல்' என்று எழுதிக்கொண்டார்கள்.

காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் மேம்பாலத்துப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பியபோது பேராசிரியை மாடியில் இருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத அம்மாள். முதலில் உவரி எண்ணினாள், பிறகு அம்பை. இருவருக்கும் மாலைக் கணக்கும் காலைக் கணக்கும் அச்சு மாறாமல் ஒத்துப்போயின. பேராசிரியை தலையாட்டினார்.

வள்ளியூர்ப் பெண் குனிந்தாள். குனிந்தவள் எழவே இல்லை. ஒரு சட்டத்தை விட்டு அடுத்ததற்குப் போய், திரும்பவும் முதல் சட்டத்துக்கு வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கடைசியில் எழுதிய பலகையை நீட்டினாள். மாலையில் எழுதியதைவிடப் பவளம் ஏகத்துக்குக் கூடியிருந்தது.

"என்னம்மா இது? ராத்திரியோட ராத்திரியா பவளம் வளந்துட்டா?" என்றார் பேராசிரியை.

அவள் முகம் சிவந்துவிட்டது. உவரிப் பெண் பின்னாலிருந்து, பழைய நம்பரையே சொல்லித் தொலை என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் நின்றாள்.

"வளந்துருக்கு மேடம்."

"என்னது?"

"நேத்து மணல்னு எழுதுன எடத்துல இன்னைக்கு வெள்ளை இருக்கு. இது மட்டும் ஈரமா மினுமினுங்கு. தொட்டா விரல்ல ஒட்டுது, பாருங்க. நேத்து உள்ளதெல்லாம் ஓரம் காஞ்சு சுருண்டுருக்கு." பலகையைத் திருப்பிக் காட்டினாள். புதியவற்றைத் தனியாக எண்ணித் தனி வரியில் எழுதியிருந்தாள்.

மாடிப்படி வாசலில் ஒரு அசைவு. என் மனைவி காபித் தட்டோடு நின்றாள்.

"அது நாந்தாம்மா" என்றாள். "காக்கா தின்னுட்டுப் போயி அங்கன இங்கன சொட்டையா கெடந்துது. காலேஜ்லேர்ந்து பெரியவிய வாராவளே, பாத்தா என்ன நெனைப்பாவன்னு விடியக்காலம் கொஞ்சம் கூழக் காய்ச்சி ஊத்திட்டேன்."

பணிக்காலம் முழுவதும் வயல்காரர்களிடமிருந்து காப்பாற்றிய விதியை என் வீட்டு மாடியில், என் வேட்டியில், நான் பால் வாங்கப் போன நேரத்தில் ஒரு கரண்டி கவிழ்த்துவிட்டது.

பேராசிரியை சிரித்துவிட்டார். அந்த அம்மாளுக்குச் சிரிக்க வரும் என்பதே மாணவிகளுக்கு அன்றுதான் தெரிந்ததாம். பிறகு காபியை எடுத்துக்கொண்டு மற்ற இருவர் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"பாறை மாறியிருக்கு. உங்க ரெண்டு பேர் நம்பர் மட்டும் எப்படி மாறல?"

பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நேற்றைய எண்கள் மனப்பாடமாக இருந்தன, கண் அவற்றையே கண்டது. இதை நான் விளக்க வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வள்ளியூருக்கு ஓர் இடம் என்று அங்கேயே முடிவாயிற்று. மிச்ச இடத்துக்கு மற்ற இருவரும் மறுபடி எண்ணியதில் உவரி மயிரிழையில் தேறினாள். அம்பை மத்தியானச் சோற்றுக்குக் கீழே வரவில்லை. பிறகு கணக்கிடும் பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று அறிவித்துவிட்டு, இரவு தோசைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

படகுக்குப் போனவர்கள் திரும்பிய மாலை, இருவருக்கும் மூக்குத் தோல் உரிந்திருந்தது. என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"படகுல இவ எடுத்த வாந்தில மீனெல்லாம் விருந்து சாப்புட்டுது அத்த" என்று உவரி தொடங்கினாள். "ஆனா எறங்கினதும் என்ன செஞ்சா தெரியுமா? மொத நம்பரு சுத்த மணல்ல விழுந்துட்டு. ரெண்டு முழம் தள்ளிப் பெரிய கிளைப் பவளம், அதச் சுத்தி நீல மீனு, மஞ்ச மீனு. கொஞ்சம் தள்ளி வையின்னு கையக் காட்டுதேன், காலால எத்துதேன். அசைய மாட்டேங்கா!"

வள்ளியூர் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தாள். வாய் காதுவரை இருந்தது.

"பவளத்தப் பாத்தியா, இல்லையா?" என்றேன்.

"எண்ணி முடிச்சுட்டுப் பாத்தேன் மாமா. மேடம் கையப் பிடிச்சு இழுக்கது வரைக்கும் பாத்தேன். ஒரு பக்கம் வெளுத்துருக்கு. மத்த பக்கம் பூரா உசுரு. லேப்ல இருக்கது ஒண்ணுமே இல்ல."

"சரி, மொதச் சட்டத்துல என்ன எழுதுன?"

"மணல். பவளம் சைபர்."

நான் என் பங்கு அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். என் மனைவிக்குத்தான் தாங்கவில்லை.

"ஏளா, அம்புட்டுத் தூரம் போயி, வாந்தியும் எடுத்துக்கிட்டு, மணலையா எண்ணிட்டு வந்த?"