வலதுபக்கக் கடைசி ஸ்பீக்கர்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் எங்கள் பங்குக் கோயிலில், இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு ஒலி அமைத்தது நான்தான். மைதானத்தைச் சுற்றி நான்கு ஸ்பீக்கர்கள். சிலுவைப்பாதைக் காட்சியில் ஊரே செபிப்பது போல நாலாபக்கமும் குரல்கள் எழவேண்டும். பங்கு மக்களை ஒவ்வொருவராகப் பதிவுசெய்து, சத்தம் சமமாக இருக்கட்டும் என்று ஆண் பெண் பார்க்காமல் கம்ப்யூட்டரில் கலந்துகட்டி, நான்கு ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து வைத்தேன்.

அதில் ஒரு குரல் புதுவயல் ரைஸ்மில்லில் வேலை பார்த்த சூசை அண்ணனுடையது. பதிவுசெய்த மறுவாரமே நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

ஒத்திகைக்கு அவர் மனைவி லூர்து அக்கா வந்திருந்தார். இடதுபக்கமிருந்து, "தயவாயிரும் சுவாமி" என்று அண்ணன் குரல் கேட்டதும் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். ஓடிப்போய், "எடுத்துர்றேன்க்கா" என்றேன்.

"எடுத்துராதீக தம்பி. அவுக என்னைக்குக் கோயில்ல பொம்பளைக பக்கம் உக்காந்தாக? வலதுபக்கம், ஆம்பளைக இருக்கிற அங்குட்டு, கடைசியில வையிங்க."

மவுசைப் பிடித்து, அண்ணன் குரலை அங்கே நகர்த்தினேன்.

நாடகத்தன்று வலதுபக்கக் கடைசியிலிருந்து அந்தக் குரல் எழுந்தபோது தெரிந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் திரும்பவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கூடவே செபம் சொன்னார்.

எதற்குத் திரும்பவேண்டும்? அண்ணன் எப்போதும் உட்காருகிற இடத்தில்தானே இருந்தார்.