ஒரு நிமிடம் நாற்பது செக்கன்

முதல் வலிப்பு வந்தபோது என் மகள் தர்ஷினி பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். கை இழுத்தது, கண் மேலே சொருகியது. நான் அலுமாரிச் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்பார்கள். மஹய்யாவயில் எங்கள் வீட்டு வரிசையில் யாரானாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். “எவ்வளவு நேரம் இருந்திச்சு?”

“அரை மணித்தியாலம் இருக்கும் டொக்டர்.”

“மணியப் பாத்தீங்களா?”

பிள்ளை துடிக்கும்போது எந்தத் தாய் மணி பார்ப்பாள்? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். வலிப்பு நோய்தான். மாத்திரை இரண்டு வேளை, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. சாவி வேண்டாம், கையைப் பிடித்து அழுத்த வேண்டாம், பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுங்கள் என்றார் டொக்டர். தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று சொன்னேன். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடம் பார்க்க வேண்டாமா?

அடுத்த வலிப்பு வகுப்பிலேயே வந்தது. அதோடு என் பொய் முடிந்தது.

தர்ஷினி எட்டாம் ஆண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில் நட்புக் குழு என்று ஒன்று உண்டு. நோயுள்ள பிள்ளையின் பக்கத்தில் அதே வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் முறை வைத்து உட்காருவார்கள். போன் கொண்டுபோக முடியாது என்பதால், அன்றைய முறைக்காரியின் கையில் ஒரு பிளாஸ்டிக் கைக்கடிகாரம். நான் மூடி வைத்ததை நாலு பிள்ளைகள் கையில் கட்டிக்கொண்டு திரிகிறார்களே! அவளை நிறுத்த விடுகைப் பத்திரம் வாங்கிவிடுவது, வீட்டில் வைத்தே படிப்பிப்பது என்று கிளம்பினேன்.

ஆசிரியர் அறைக்குத் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு அன்றைய முறைக்காரி ஷிபானா வந்தாள். கடிகாரம் அவள் கையில். நான் வாயைத் திறக்குமுன் தர்ஷினி விழுந்தாள்.

என் கை நேரே பைக்குள் சாவிக்குத்தான் போனது. ஷிபானா அதற்குள் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் ஸ்வெட்டரைத் தலைக்கடியில் கொடுத்திருந்தாள்.

“சாவி வாணாம் ஆன்டி. கையப் புடிக்க வாணாம். நீங்க பேரச் சொல்லிக் கூப்புடுங்க, நான் டைம் பாக்குறேன்.”

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

துடிப்பு அடங்கியது. “ஒரு நிமிஷம் நாப்பது செக்கன்” என்றாள். டீச்சர் கொப்பியில் எழுதினார். எனக்கு மறுபடியும் அரை மணித்தியாலம் போயிருந்தது.

தர்ஷினி கண் திறந்து முதலில் தேடியது என்னை அல்ல. “ஷிபானா, விஞ்ஞானம் முடிஞ்சிருச்சா?”

“இன்னும் இல்லடி. நீ கொஞ்சம் படு.”

எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

“என்ன விசயமா வந்தீங்க அம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

“சும்மாதான் டீச்சர். புள்ளயப் பாத்துட்டுப் போகலாம்னு.”

இதே நோயோடு பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மறைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது தெரிய மணி பார்த்தே ஆக வேண்டும்.

போன மாதம் வீட்டில் ஒருமுறை வந்தது. பெயரைச் சொல்லிக்கொண்டே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பத்து செக்கன். அந்த அரை மணித்தியாலம் ஒருநாளும் அவள் உடம்பில் இருந்ததில்லை. அது என் உடம்பில்தான் இருந்திருக்கிறது.