வெளியார் உதவி

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்குத் தோட்டத்து லொறி வெறுமனே வருகிறது. டிரைவர் தானாகவே நிறுத்தி, "அலுமாரிய ஏத்துங்க தம்பி, சும்மாதானே போறேன்" என்கிறார். மரியநாயகம் "வேணாங்க" என்று சொல்லிவிட்டு, நுவரெலியாவில் வாங்கிய அந்தப் புது அலுமாரியைப் பலகை பலகையாகக் கழற்றி, சைக்கிள் கெரியரில் கட்டி, மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மூன்றாவது நடையில் ஒரு கதவு எங்கேயோ விழுந்துவிட்டது. அந்த அலுமாரிக்கு அன்றிலிருந்து ஒரு கதவுதான். அவருடைய மனைவி பெற்றீசியா அதிலிருந்து சேலையை எடுக்கும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் எடுப்பாள்.

மரியநாயகம் தோட்டத்துத் தப்பால்காரர். தினமும் தபால் கந்தோருக்குச் சைக்கிளில் போய், கடிதப் பையை வாங்கி வந்து தோட்டத்து ஆபிசில் கொடுப்பது அவர் வேலை. தாய் தகப்பன் இல்லாமல், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒரு வேளை என்று சாப்பிட்டு வளர்ந்தவர். போட்டவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் போட்டார்கள். ஆனால் ஒரு கலியாணப் பந்தியில் யாரோ ஒருத்தி, "இது ஊர்ச் சோத்துல வளந்த பயதானே" என்று சிரித்துவிட்டாள். அந்த ஒரு சொல் அவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றைக்குப் பந்தியிலிருந்து எழுந்தவர், பிறகு யார் கையையும் எதிர்பார்த்ததில்லை. கூரை ஒழுகினால் தோட்ட அதிகாரி கண்டாக்கையாவிடம் சொல்லமாட்டார், தானே ஏறுவார். காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரிக்குத் தானே நடப்பார். பெற்றீசியா தாங்கிப் பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். இப்படிப்பட்ட மனுசனுக்கென்றே யாரோ ஒரு போட்டியை உண்டாக்கியதுபோல, எழுபத்தொன்பதாம் வருஷம் அட்டனில் அந்த சைக்கிள் ஓட்டம் தொடங்கியது.

சனிக்கிழமை காலையில் அட்டனில் புறப்பட வேண்டும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கி, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, தலவாக்கலையைத் தாண்டி ஞாயிறு சாயங்காலத்துக்குள் அட்டனுக்கே திரும்ப வேண்டும். பின்னால் வண்டி வரக்கூடாது. சாப்பாடு, பம்பு, பஞ்சர் ஒட்டுப் பெட்டி, போர்வை எல்லாம் தன் சைக்கிளிலேயே இருக்க வேண்டும். வழியில் கடையில் வாங்கலாம், ஆனால் எல்லாரையும்போலக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். யாரும் தள்ளக்கூடாது, தூக்கக்கூடாது, ஒரு மிடறு தண்ணீர்கூடச் சும்மா கொடுக்கக்கூடாது. அதற்குப் பெயர் வெளியார் உதவி. வாங்கினால் அந்த வருஷம் கணக்கில் இல்லை. மூன்று வருஷம் வாங்கினால் பெயரையே வெட்டிவிடுவார்கள்.

"நான் குடுத்தா?" என்று பெற்றீசியா கேட்டாள்.

"நீ குடுத்தாலும்தான்."

"அப்ப நான் வெளியாளா?"

"ஓட்டத்துக்கு வெளியாளுதான், புள்ள."

கட்டின மனைவியிடம் சொல்லுகிற பேச்சா இது? அன்று இரவு அவள் அடுப்பில் சட்டியை வைத்த சத்தம் அடுத்த காம்பரா வீடு வரைக்கும் கேட்டது.

முதல் வருஷம் அவர் இறம்பொடை ஏற்றத்தில் வந்தபோது லயமே ரோட்டுக்கு ஓடிவந்தது. மாலை போட்டார்கள். சோடாவை உடைத்து வாயில் ஊற்றினார்கள். அழகன் என்கிற தடித்த ஆள், சைக்கிளையும் அவரையும் சேர்த்து, அவர் கத்தக் கத்த ஒரு வளைவு முழுக்கத் தள்ளிவிட்டான். பின்னால் காரில் வந்த நடுவர் முத்துலிங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அட்டனில் இரும்புக் கடையில் வேலை செய்பவர், ஞாயிறு பூசைக்குக்கூட விசிலோடு வருபவர். அந்த வருஷம் கணக்கில் இல்லாமல் போய்விட்டது.

இரண்டாம் வருஷம் யாரும் தொடவில்லை. ஆனால் அடுத்த காம்பராப் பேச்சியம்மா, கண்ணேறு படக்கூடாது என்று விடியற்காலையிலேயே கெரியருக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிவைத்திருந்தாள். மரியநாயகத்துக்கே தெரியாது. ஓட்டம் முடிந்து அட்டனில் வந்து நின்றபோது முத்துலிங்கம் அதைக் கண்டுபிடித்தார். எலுமிச்சம்பழம் சாப்பாட்டுச் சாமானா இல்லையா என்று அங்கே பெரிய விவாதம். மனுசன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "தாகத்துக்குப் பிழிஞ்சு குடிக்கலாந்தானே சார்" என்று மரியநாயகமே எடுத்துக் கொடுத்தார். அதோடு அந்த வருஷமும் போயிற்று.

இப்போது எண்பத்தொன்று. இந்த முறையும் போனால் இனி ஓட்டமே கிடையாது. ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவுமில்லை. பார்த்துப் பார்த்துப் பெற்றீசியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வீடு வீடாகப் போய், "அவர ஒருத்தரும் தொடக்கூடாது, ஒண்ணும் குடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கும் வம்பு வந்தது.

"ஏன்டி, எங்க கையில தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாராமா? எங்களவிட எந்த வகையில ஒசத்தி?" என்று பேச்சியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ அக்கா, அப்புடி இல்லக்கா. எங் கையில கூட வாங்க மாட்டாரு."

"கட்டுன பொண்டாட்டி கையிலயுமா?" பேச்சியம்மாவின் கோபம் அப்படியே இரக்கமாக மாறிவிட்டது. "அடிப் பாவி மகளே, எப்புடிடி காலந்தள்ளுற?"

அந்த இரக்கம்தான் பெற்றீசியாவுக்கு ஆகவே ஆகாது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை அவள் பூசைக்குப் போகவில்லை. கொழுந்தெடுக்கும்போது தேயிலைச் செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கிற நீளமான மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் நின்றாள். லயத்து ஆட்களை அந்தப் பக்கம் ஒதுக்கி, கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள். மாதா கோயிலில் இருக்க வேண்டிய நேரத்தில் இப்படி மாடு மறிக்கிறதுபோல மனுசரை மறித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆறேழு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனார்கள். அவரைக் காணோம். கண்டி பஸ் ஒன்று மேலே வந்தது. அதன் கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "தப்பால்காரர் கீழ மதகுல ஒக்காந்துட்டாரு அக்கா!" என்று கத்திவிட்டுப் போனான்.

அவள் இறங்கி ஓடினாள். லயமும் பின்னாலேயே ஓடியது.

மதகின் மேல் மரியநாயகம் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, கால் ரெண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது புசல்லாவையில் ஒரு நாய் ரொட்டிப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு போய்விட்டதாம். சரி, வழியில் கடை இல்லையா? இருந்தது. கீழ் வளைவில் கடை முதலாளி தேத்தண்ணியும் பணிஸும் எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் "நம்ம தப்பால் மாத்தயாகிட்ட காசா?" என்று சொல்லி, நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டார். சும்மா கொடுத்தால் அது வெளியார் உதவி. அதனால் இந்த மகராசன் ஆவி பறக்கிற தேத்தண்ணியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, பட்டினியாக மலை ஏறி வந்திருக்கிறார்!

பேச்சியம்மா கஞ்சிச் செம்போடு முன்னுக்கு வந்தாள். அழகன் சட்டைக் கையை மடித்தான். பெற்றீசியா மட்டக்கம்பை ஓங்கினாள்.

"ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது!"

"அவன் செத்துருவான்டி!" என்று பேச்சியம்மா கத்தினாள்.

"சாகட்டும்!"

ரெண்டு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். தொட்டால் அவருடைய மூன்று வருஷமும் போய்விடும். தொடாவிட்டால் இந்த மனுசன் எழும்பமாட்டார், அதுவும் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. கையைக் கட்டிப்போட்டாகிவிட்டது, வாய்தான் மிச்சம். அது தானாகவே திறந்துகொண்டது.

"என்னா, ஒக்காந்துட்டீங்க? கூரையில ஏறி ஓட்டோட விழுந்தீங்களே, அப்ப ஒக்காந்தீங்களா? பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்குக் கோயில் பெஞ்சியெல்லாம் தனியா தூக்கி இடுப்பு புடிச்சுக் கெடந்தீங்களே, அப்ப ஒக்காந்தீங்களா? ஒத்தக் கதவு அலுமாரிய வச்சுக்கிட்டு எட்டு வருசமா நான் படுற பாடு! இப்ப ஊரு முழுக்க வேடிக்க பாக்க மதகுல ஒக்காந்தா என்னா அர்த்தம்? எந்திரிங்க! எந்திரிச்சு அந்தப் பாழாப்போன சைக்கிளப் புடிங்க!"

மரியநாயகம் தலையைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக எழுந்து சைக்கிளைப் பிடித்தார். அவளிடமிருந்து தப்பிக்கத்தான் எழுந்தார் என்று லயத்தில் சொல்வார்கள்.

அவள் விடவில்லை. அவர் தள்ளத் தள்ள, ஒரு முழம் தள்ளி ரோட்டோரமாக நடந்துகொண்டே திட்டினாள். முதல் வளைவில் சோடாவுக்குத் திட்டினாள். இரண்டாம் வளைவில் எலுமிச்சம்பழத்துக்கு. அவர் நின்றால் குரலை உயர்த்தினாள், நடந்தால் தணித்தாள். அவர் கண்ணைத் துடைத்தபோது அவளும் துடைத்துக்கொண்டு, அதற்கும் சேர்த்துத் திட்டினாள். பாதி வழியில் முத்துலிங்கத்தின் கார் வந்து பக்கத்தில் ஊர்ந்தது.

"என்னாம்மா, கையில என்னா?"

அவள் மட்டக்கம்பைத் தேயிலைக்குள் எறிந்துவிட்டு ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "வாய்தான் சார் இருக்கு."

முத்துலிங்கம் யோசித்துப் பார்த்தார். விதியில் வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. கார் போய்விட்டது. ஏற்றம் தணிகிற இடத்தில் மரியநாயகம் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமலே மிதித்துக்கொண்டு போனார்.

பிள்ளையைப் பேச்சியம்மாவிடம் விட்டுவிட்டு அவள் பஸ் பிடித்தாள். வழி நெடுக கொண்டக்டர்மாரிடம் விசாரித்தாள். லபுக்கலையில் முன்பின் தெரியாத கடைக்காரன் ஒருவன் காசை வாங்கிக்கொண்டு பணிஸ் கொடுத்தானாம். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். நானுஓயாவைத் தாண்டி பஸ் அவரை முந்தியது. கையைக் காட்டுவதும் உதவியாகிவிடுமோ என்று பயந்து, அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அட்டனில் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவர்கள் முத்துலிங்கத்துக்கு முன்னால் நின்று, "வெளியார் உதவி வாங்கவில்லை, தனியாக வந்தேன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வருஷம் கணக்கில் இல்லை. ஒன்பதாவதாக வந்தார் மரியநாயகம். பெற்றீசியா கூட்டத்துக்குள் நின்று மாதாவை வேண்டிக்கொண்டாள். சொல்லிவிட்டால் முடிந்தது. அஞ்சே வார்த்தை. சொல்லுங்களேன்!

"வெளியார் உதவி வாங்கல்ல சார்" என்றார் மரியநாயகம். பிறகு நிறுத்திவிட்டார்.

"தனியா வந்தேன்னு சொல்லுங்க."

"அது சொல்ல ஏலாது சார்."

முத்துலிங்கம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏன்யா?"

"மதகுல ஒக்காந்துட்டேன். எந்திரிக்கிற எண்ணமே இல்ல. எங்க வீட்டுல வந்து திட்டுனாங்க, எந்திரிச்சேன்."

கூட்டம் சிரித்தது. முத்துலிங்கமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திட்டுறது உதவியில்லய்யா. நானே பாத்தேன், கை வெறுங்கை. அப்புடியே உதவின்னு வச்சாலும், விதியில வெளியார்னுதான் இருக்கு. ஒங்க சம்சாரம் வெளியாளா? சொல்லிட்டுப் போங்க" என்றார். மனுசன் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வா என்று கெஞ்சாத குறை.

"வெளியாள் இல்ல சார்" என்றார் மரியநாயகம். "அதனாலதான் தனியா வந்தேன்னு சொல்ல வாய் வரல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. முத்துலிங்கம் பெருமூச்சு விட்டுவிட்டுப் பெயரை வெட்டினார்.

பஸ்ஸின் மேல் சைக்கிளை ஏற்றிக் கட்டிவிட்டு மரியநாயகம் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெற்றீசியா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு நாளும் அந்த ஓட்டத்தில் அவருக்கு இடமில்லை. மூன்று வருஷம், ஒரு வார்த்தையில் போய்விட்டது. இப்படி ஒரு மடையனை ஊரில் தேடினாலும் கிடைக்காது. ஏசுவே, அந்த நடுவருக்கு முன்னால் இத்தனை பேர் கேட்கவா அதைச் சொல்ல வேண்டும்? எட்டு வருஷமாக வீட்டில் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? ஆத்திரமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. வாய் மட்டும் வரவே இல்லை.

கொட்டகலை தாண்டியது. மரியநாயகம் ரெண்டு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்த மௌனம் மலை ஏற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"என்னா புள்ள, பேசாம வர்ற?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒடம்பெல்லாம் வலிக்குது. எறங்கி வீட்டுக்கு நடக்கணும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்சம் திட்டேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு அலுமாரிக் கதவில் தொடங்கினாள். பஸ் தலவாக்கலைக்குப் போய்ச் சேரும்போது சோடா வரைக்கும்தான் வந்திருந்தாள்.