ஐந்தாவது பட்டை

ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. "மைதிலி மிஸ் போயிட்டாங்க." கையிலிருந்த உருண்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளை வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

மைதிலி அக்கா எதைச் செய்துகொண்டிருந்தார் என்பது, இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். செயற்கைக்கோளில் ஏறி, நம் மலைகளை வெவ்வேறு ஒளிப்பட்டைகளில் படம்பிடிக்கப்போகும் கருவி. அதன் வில்லைகளெல்லாம் அவருடைய வடிவமைப்பு. நான் உணரிகளைப் பார்ப்பவள். எந்தப் படத்தைக் கொண்டுபோனாலும், "இதுக்கு என்ன தெரியேல்லை? முதல்ல அதைச் சொல்லும்," என்பார்.

தொடக்கத்தில் நான்கு பட்டைகள்தான். மாதிரிக் கருவியைத் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், என் அம்மாவின் லயத்து வரிசைவீட்டுக்கு எதிர்மலையிலிருந்து படமெடுத்தோம். லயத்துக்கு மேலே மலை சரிந்து கிடப்பதாகத் திரை காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, அது சரிவு இல்ல. கவ்வாத்து வெட்டின தேயில."

கவ்வாத்து வெட்டினால் இலை இருக்காது, குச்சியும் மண்ணும்தான். அக்கா சிரிக்கவில்லை.

"படம் வடிவா இருக்கு. ஆனா நாளைக்கு உண்மையாச் சரிஞ்சாலும் இதுக்குக் கவ்வாத்து மாதிரித்தானே தெரியும்?"

அப்படி வந்ததுதான் ஐந்தாவது பட்டை. சரிவின் ஈர மண்ணையும் கவ்வாத்தின் காய்ந்த குச்சியையும் பிரித்துக் காட்டும் அகச்சிவப்பு ஒளி அது. அதற்குத் தனி உணரி வேண்டும், அதைக் குளிர்விக்க வேண்டும், பாரம் கூடும். மீளாய்வுக் குழு வேண்டாம் என்றது. அக்கா வில்லைகளைப் பிடித்திருக்கும் தாங்கிகளைக் குடைந்து குடைந்து பாரத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகும் முணுமுணுத்தார்கள். "வேணுமெண்டா நான் மெலியிறன், இதை இருக்க விடுங்கோ," என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் மெலிந்தார். தினமும் பக்கத்திலிருந்து பார்த்தோம். வேலைக் களைப்பு என்றே நினைத்தோம்.

வருகிற வாரம் கடைசி மீளாய்வு. ஐந்தாவது பட்டையைக் கழற்றிவிட்டு நேரத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு இப்போதே அடிபடுகிறது. அக்காவின் கதிரையில் நான் உட்கார வேண்டும். நாலு பேர் பார்த்தாலே எனக்கு வாய் திக்கும். வேலைநாட்களில் என் மகள் அம்மாவிடம்தான், அந்த மலைக்குக் கீழேதான். மழை இருட்டினாலே அம்மாவுக்குப் போன் எடுக்கிறேன். "மல அப்படியேதான் இருக்கு புள்ள, நீ வேலையப் பாரு," என்கிறார் அம்மா. எந்த வேலையை? கை ஓடவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை.

அவருடைய வில்லைகள் மேசையில் மூடியபடி கிடக்கின்றன. அவை திட்டத்துக்குச் சொந்தம். எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். நான்கு பட்டைகளில் எடுத்த அந்த வடிவான படத்தைக் குழுவின் முன்னால் வைத்து, இதற்கு என்ன தெரியவில்லை என்று கேட்பேன். ஒருவரும் வாய் திறக்காவிட்டால், திக்கித் திக்கியாவது நானே சொல்வேன்: அந்த மலைக்குக் கீழே தூங்குகிற என் பிள்ளை.