கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த சிக்கு

எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். தாராவியில் அந்தக் காலத்தில் ஓர் அறைதான் வீடு. கதவைச் சாத்தினால் காற்றும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. அதைவிடப் பெரிய தொல்லை, சாத்திய கதவைக் கண்டால் சந்து சும்மா இருக்காது. உள்ளே சண்டையா, சண்டை முடிந்து சமாதானமா என்று ஆளுக்கொரு கதை கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட சந்தில் என் அப்பா ஒரு வாரம் முழுக்க, சாயங்காலமானால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அம்மாவின் தலைமுடிக்காகப் போட்டார்.

அறுபதுகளின் நடுவில் இருக்கும். எனக்கு ஒன்பது பத்து வயது. அம்மாவுக்கு முழங்கால்வரை முடி என்று சொன்னால் அது பொய். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் அதை வைத்துக்கொண்டு நடந்த நடை முழங்கால்வரை முடி உள்ளவளின் நடை. வெள்ளிக்கிழமை காலையில் குழாய்த் தண்ணீர் வருவதற்கு வெகு முன்பே எழுந்து, நல்லெண்ணெயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து காய்ச்சி, தலையில் வைத்து, பொறுமையாகச் சீவிச் சிக்கெடுத்துவிட்டுத்தான் தண்ணீரை ஊற்றுவாள். தண்ணீர் படுவதற்கு முன்பே சிக்கு போயிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அந்தத் தலையைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கும் இல்லை. அப்பாவுக்குச் சுத்தமாக இல்லை.

அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். எத்தனை முறை குளித்தாலும் கையில் அந்த வாடை போகாது. விளையாட்டுக்குக்கூட அவர் அம்மாவின் பின்னலைத் தொட வந்தால், "அந்தக் கையோட என் தலையைத் தொட்டுராதீங்க" என்று அம்மா தள்ளிப் போவாள். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி நிற்பார். நான் சிரிப்பேன். எங்கள் வீட்டில் அது அடிக்கடி நடக்கும் கூத்து.

அந்த வருஷம் அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தாள். முடியைச் சுருட்டி ஒரு கொண்டையாகப் போட்டுவிட்டுப் படுத்தவள், அந்தக் கொண்டையின் மேலேயே புரண்டு புரண்டு கிடந்திருக்கிறாள். பார்க்கப் போன நாங்கள் காய்ச்சல் எத்தனை என்று கேட்டோமே தவிர, கொண்டையை அவிழ்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? பிழைத்து வந்தால் போதும் என்றிருந்தது.

பிழைத்துத்தான் வந்தாள். அப்பா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது, சந்து முனையில் பெண்கள் கூட்டமாக நின்று தடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் தலையில் தண்ணீர் விடாமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். எதிர்வீட்டு அத்தைதான் முன்னால் நின்றாள். அத்தை என்றால் உறவு இல்லை, ஆனால் உறவைவிட அதிகாரம் பண்ணுவாள். அம்மாவை ஒரு மணைப்பலகையில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தலையோடு ஊற்றி, துணி துவைக்கும் கட்டிச் சோப்பைப் போட்டு, கொண்டையோடு சேர்த்து உருட்டி உருட்டித் தேய்த்தாள். முழுக்க முழுக்கப் பாசம்தான். எண்ணெய் காணாத சிக்கில் தண்ணீரும் சோப்பும் பட்டால் என்ன ஆகும் என்று பாசத்துக்குத் தெரியவில்லை.

ஈரத்துண்டை அவிழ்த்தபோது முடி என்று ஒன்றும் இல்லை. பழைய தலையணையைப் பிரித்தால் உள்ளே கட்டி தட்டிப்போன பஞ்சு இருக்குமே, அப்படி ஒன்று கழுத்துக்கு மேலே தொங்கியது. அத்தை சீப்பை வைத்து இழுத்தாள். சீப்பின் பல் ஒடிந்தது. அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இனிமே இதுல சீப்பு இறங்காது மைனி" என்றாள் அத்தை. அவள் குரலே இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை நாவிதரை வரச் சொல்லுதேன். ஒட்ட வெட்டிருவோம். முடிதானே, முளைச்சிரும்."

"வெட்டட்டும்" என்றாள் அம்மா. "உசிரே திரும்பி வந்திருக்கு. முடி போனாப் போவுது."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கை மட்டும் மெல்லப் போய் அந்தக் கட்டியைத் தடவிப் பார்த்தது. எங்கள் ஆட்களில் புருஷன் இருக்கும்போது ஒருத்தி தலையை வெட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் முகம் மாறும். குழாயடிக்குப் போக மாட்டாள், கோயிலுக்குப் போக மாட்டாள், அறைக்குள்ளேயே கிடப்பாள். காய்ச்சல் பாதியை எடுத்துக்கொண்டு அனுப்பியிருந்தது. மீதி இருந்த அம்மாவும் அந்த முடியோடு போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அப்பாவுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். அவர் அன்று சாப்பிட்ட தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் ஷெட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், சீயக்காய்த் தூள் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் புளியும் சாம்பலும் கேட்டார். பாத்திரம் துலக்குகிற மாதிரி, விரல் இடுக்கு, நக இடுக்கு என்று கையைத் தேய்தேய் என்று தேய்த்தார். பிறகு என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு தாயி. நாறுதா?"

"கொஞ்சம்" என்றேன்.

திரும்பவும் தேய்த்தார். திரும்பவும் நீட்டினார். நான் தலையாட்டிய பிறகுதான் கதவைச் சாத்தினார். பெண்டாட்டி தலைக்கு எண்ணெய் வைக்கிறான் என்று ஓர் ஆண்பிள்ளையைப் பற்றிச் சந்தில் பேச்சு வந்தால், அதற்குப் பிறகு அவன் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அம்மாவைத் தன் முழங்காலில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டார். ஸ்டவ்வில் எண்ணெயைச் சூடு பண்ணிக் கிண்ணத்தில் கொடுத்தது நான். அவர் இழுக்கவே இல்லை. எண்ணெயைக் கட்டியில் விட்டு, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"சீவலியாப்பா?" என்றேன். எனக்குப் பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

"காஞ்ச தோலை அவசரப்பட்டு இழுத்தா கிழிஞ்சிரும். முதல்ல எண்ணெயைக் குடிக்கட்டும்."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா வாயைத் திறந்தாள். "என் தலை உங்களுக்குத் தோலாப் போச்சா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் வம்புப் பேச்சு அது. அப்பா விளக்கை எட்டிப் பிடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு வெறும் எண்ணெய்தான். பழைய துண்டால் கட்டிவிட்டார். அடுத்த நாள் அடி நுனியிலிருந்து தொடங்கினார். விரலால் நாலு முடியைப் பிரிப்பார், பிரியாத இடத்தில் கொண்டை ஊசியின் முனையை நுழைத்து நெகிழ்த்துவார், ஒரு சொட்டு எண்ணெய் விடுவார், காத்திருப்பார். பிரிந்ததை அகலப் பல் சீப்பால் சீவி ஒதுக்கி வைப்பார். வலிக்கக் கூடாது என்று ஒவ்வொரு கற்றையையும் வேர்ப் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நுனியைத் தொடுவார். அத்தனை பெரிய, காய்ப்புக் காய்த்த விரல்கள் அவ்வளவு பதமாக வேலை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அவர்மேல் அப்போது வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

என்னை வாசலுக்கு வெளியே காவல் வைத்தார்கள். யார் கேட்டாலும் அம்மா தூங்குகிறாள் என்று சொல்ல வேண்டும்.

"ஏட்டி, உங்க அம்மா தூங்கினா உங்க அப்பா எதுக்குக் கதவைச் சாத்துதாரு?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள். அவளிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் குறைவு.

"கொசு வருதுன்னு" என்றேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை என்று நினைக்கிறேன், பிடரிப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கேதான் சிக்கு கல்லாக இருந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ... மெல்லங்க... வலிக்கி."

எதிர்வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு அது கேட்டுவிட்டது. பிழைத்து வந்தவளைப் பூட்டி வைத்து அடிக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தோசைத் திருப்பியைக் கையில் ஓங்கிக்கொண்டே வந்தாள். நான் கையை விரித்து மறித்தேன். என்னை ஒரு தள்ளு, கதவை ஒரு தள்ளு. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

உள்ளே அப்பா முழங்கைவரை எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர், பேப்பர்மேல் அம்மாவின் முடி பாதிக்கு மேல் பிரிந்து வழிந்து கிடந்தது. வாயில் கொண்டை ஊசியைக் கவ்வியிருந்தார். அத்தை தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். தெருவே எட்டிப் பார்த்தது.

"அடிக்கியளோன்னு நெனச்சேன் அண்ணே" என்றாள் அத்தை.

அம்மா சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்து, அது இருமலாகி, இருமலுக்குள்ளும் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவமானத்தில் அவர் காது சிவந்திருந்தது. எழுந்து போய்க் கதவை மறுபடி சாத்தினார்.

மறுநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். "என்னண்ணே, தலை பின்னியாச்சா? பூ வச்சாச்சா?" என்று கேட்டுக் கைகொட்டியிருக்கிறார்கள். பால் வாங்கப் போன என் காதிலும் விழுந்தது. அந்த வாய்கள் விளங்காமல் போக என்று நான் மனசுக்குள் திட்டிய திட்டை எழுத முடியாது. அப்பா அன்று சாயங்காலமும் புளியும் சாம்பலும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாவிதர் பெட்டியோடு வந்தார். பிடரியில் இன்னும் ஓர் எலுமிச்சை அளவு கட்டி பாக்கி இருந்தது. அப்பா வாசலில் வந்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். அத்தைதான், "ஜாவ் பையா, ஜாவ். இங்க வேலை இல்ல" என்று தன் ஹிந்தியில் விரட்டினாள். பிறகு அவளே வீடு வீடாகப் போனாள். காலையில் மட்டும் வரும் தண்ணீர் அது, அவரவர் பிடித்து வைத்ததுதான் அவரவருக்கு. இருந்தும் எங்கள் வாசலில் வாளி வாளியாக வந்து நின்றது.

"நான் ஊத்துன தண்ணிதானே கட்டிப்போட்டுச்சு" என்றாள் அத்தை.

எண்ணெயில் ஊறின தலையில் சீயக்காயைக் குழைத்துப் பூசி, அவள் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டாள். இந்த முறை உருட்டவில்லை. கடைசிக் கட்டி, அத்தனை நாள் குடித்த எண்ணெயில் நெகிழ்ந்து, தண்ணீரோடு வழுக்கி அவிழ்ந்தது. உச்சியில் வைத்த சீப்பு நுனிவரைக்கும் ஒரு தடங்கல் இல்லாமல் இறங்கியது. அம்மா சந்தில் வெயில் விழுந்த இடத்தில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். போகிறவர்களெல்லாம் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். அப்பா உள்ளே இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். மழைக்காலம் தொடங்கியபோது அந்த முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. தலையணையெல்லாம் முடி, சோற்றில் முடி. அந்தக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான், பிறகு முளைக்கும் என்று டாக்டர் சொன்னார். மீந்த கொஞ்சத்தை அம்மாவே அத்தையைக் கூப்பிட்டு ஒட்டக் கத்தரிக்கச் சொன்னாள். நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாவின் ஒரு வாரத்தைக் கடவுள் இப்படிச் சாக்கடையில் கொட்டலாமா என்று எனக்கு ஆத்திரம். அம்மா அழவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவள் போனதைப் பார்த்துத்தான் நான் மூக்கைச் சிந்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா வேலையிலிருந்து வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். புளி இருக்கும் டப்பாவை எட்டினார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் அம்மா. "அப்படியே வாங்க."

அப்பா தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு வாசலை ஒட்டி, வெளிச்சத்தில் உட்கார்ந்து, அம்மாவை முழங்காலில் சாய்த்துக்கொண்டார். நான் வழக்கப்படி கதவைச் சாத்தப் போனேன். "கிடக்கட்டும்" என்றார்.

சந்து முழுக்கப் பார்த்தது. டீக்கடை ஆட்களும் பார்த்துக்கொண்டே போனார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த அத்தை நின்று, அம்மாவின் ஒட்ட வெட்டிய தலையையும் அப்பாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முடியே இல்லியே, இப்ப எதுக்கு அண்ணே எண்ணெய்?"

"முடிக்காவா தேய்க்கேன், தங்கச்சி?" என்றார் அப்பா.

அம்மா கண்ணை மூடியபடியே, "பேச்சை விட்டுட்டு அந்தக் காதுக்குப் பின்னால தேயுங்க" என்றாள்.